நடந்தால் வலி, அமர்ந்தால் நிம்மதி: இடுப்புத் தண்டுவடக் கால்வாய்க் குறுக்கம்

அறுபது வயதைக் கடந்தவர்கள் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. சிறிது தூரம் நடந்ததும் இடுப்பு இறுகுகிறது. பிட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால் வரை வலியோ மரமரப்போ இறங்குகிறது. கால்கள் கனத்து, அடியெடுத்து வைக்க மறுக்கின்றன. எங்கேனும் ஒரு திண்ணையில் அமர்ந்தால் சில நிமிடங்களில் எல்லாம் தணிந்துவிடுகிறது. ரேஷன் கடை வரிசையில் பத்து நிமிடம் நிற்க முடியாத ஒருவர், சைக்கிள் மிதித்துச் சிரமமின்றிக் கடைத்தெருவுக்குச் சென்று வருவார். வீட்டாருக்கு இது நடிப்பாகக்கூடத் தோன்றலாம். நடிப்பன்று, இந்த முரண்பாடுதான் நோயைக் காட்டிக்கொடுக்கும் முதன்மையான அடையாளம்.

முள்ளெலும்புகளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கால்வாய் செல்கிறது. தண்டுவடம் பெரும்பாலானோருக்கு முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் குதிரைவாலைப் போலக் கற்றையாக இறங்குகின்றன. வயது ஏற ஏற, எலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டத்தட்டுகள், அதாவது நாம் பேச்சுவழக்கில் ‘ஜவ்வு’ என்று சொல்பவை, நீர்ச்சத்தை இழந்து பின்புறமாகப் பிதுங்குகின்றன. சிறுமூட்டுகள் தேய்ந்து தடிக்கின்றன. கால்வாயின் பின்சுவரில் உள்ள மஞ்சள் நிற இணைநார் பருக்கிறது. மூன்றும் சேர்ந்து நரம்புகளுக்கான இடத்தைக் குறைக்கின்றன. நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையில்தான் இது மிகுதியாகக் காணப்படும். நிமிர்ந்து நிற்கும்போது கால்வாய் மேலும் சுருங்குகிறது. முன்புறம் குனியும்போது சற்றே விரிகிறது. அமர்ந்தால் நிம்மதி கிடைப்பதும், கைப்பிடியின்மேல் சாய்ந்து சைக்கிள் ஓட்ட முடிவதும் இதனால்தான். டச்சு நரம்பியல் அறுவை மருத்துவர் ஹெங்க் வெர்பீஸ்ட் 1954-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே மருத்துவ உலகம் இந்நிலையைப் பரவலாகக் கவனிக்கத் தொடங்கியது.

நடந்தால் வரும் கால்வலி அனைத்தும் முதுகிலிருந்து வருவதன்று. காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலும் இதே போன்ற வலி தோன்றும். புகைப்பிடிப்போரும் நீரிழிவு உள்ளவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். குழாய் அடைப்பு வலி, அமராமல் வெறுமனே நின்றாலே தணியும். சைக்கிள் மிதித்தாலும் வரும். மருத்துவர் உங்கள் பாதத்தில் நாடித்துடிப்பைத் தேடிப் பார்ப்பது இதற்காகவே.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் பற்றியும் ஒரு சொல். ‘கடுமையான குறுக்கம்’ என்ற வரியைப் படித்த அன்றே பல குடும்பங்களில் உறக்கம் போய்விடுகிறது. வலியே இல்லாத முதியவர்களைப் படமெடுத்தாலும் அவர்களில் பலருக்குக் குறுக்கம் தென்படும். படத்தில் தெரியும் அளவும் நோயாளி படும் துன்பமும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஆகவே சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டியது எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, காலில் வலு குறைந்துள்ளதா என்பவையே. குறுக்கம் உள்ள அனைவரும் படிப்படியாகச் செயலிழந்துபோவார்கள் என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. பலர் ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் இருக்கிறார்கள். சிலர் தேறவும் செய்கிறார்கள்.

அறுவை சிகிச்சையின்றி என்ன செய்யலாம்? முதலிடம் உடற்பயிற்சிக்கே. 2015-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, அறுவைக்கு ஒப்புக்கொண்டிருந்த 169 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறுவையும் மற்றொரு பிரிவினருக்கு இயன்முறைப் பயிற்சியும் அளித்தது. இரண்டு ஆண்டுகளின் முடிவில் இரு பிரிவினரின் உடல் இயக்கத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது: பயிற்சிப் பிரிவினரில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அறுவை செய்துகொண்டனர். பயிற்சி எல்லோருக்கும் போதுமானதன்று. ஆயினும் முதலில் முயன்று பார்க்கத் தகுதியானது.

பயிற்சியின் அடிப்படை, முதுகை முன்புறமாக வளைப்பது. மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை, பின்னர் இரண்டையும், மார்பை நோக்கி மெல்ல இழுத்துச் சில நொடிகள் நிறுத்துதல்; முழங்கால்களை மடித்துப் படுத்தபடி வயிற்றை உள்ளிழுத்து இடுப்பைத் தரையோடு அழுத்துதல்; வயிறு, பிட்டத் தசைகளை வலுப்படுத்துதல்; நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிள் ஆகியவை பொதுவாகக் கற்பிக்கப்படும். புஜங்காசனம், தனுராசனம் போன்று முதுகைப் பின்னால் வளைக்கும் ஆசனங்கள் உங்களுக்கு வலியைக் கூட்டக்கூடும். பக்கத்து வீட்டாருக்கு ஜவ்வு பிதுங்கியபோது கொடுத்த பயிற்சித் தாளை வாங்கிச் செய்ய வேண்டாம் என்று வலியுறுத்துவது இதனால்தான். எலும்புப்புரை உள்ளவர்கள் பலமாகக் குனியும் பயிற்சிகளையும் தவிர்க்க வேண்டும். அவர்கள் இயன்முறை மருத்துவரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

நடப்பதை நிறுத்தாதீர்கள். வலி முற்றும்வரை நடக்காமல், அது தொடங்கும்போதே அமர்ந்து, தணிந்ததும் எழுந்து நடங்கள். கைத்தடியோ சக்கரம் பொருத்திய நடைச்சட்டமோ உடலைச் சற்று முன்சாய்த்து நடைத்தூரத்தைக் கூட்டும். பலர் அதை முதுமையின் அடையாளமாகக் கருதி ஒதுக்குகிறார்கள். வீட்டுக்குள்ளேயே முடங்குவதைவிட அது எவ்வளவோ மேல். சமையலறையில் நின்று வேலை செய்வோர் ஒரு காலைச் சிறு பலகைமேல் வைத்துக்கொள்ளலாம்; காய் நறுக்குவதை அமர்ந்தே செய்யலாம். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துக்கொண்டால் உறக்கம் எளிதாகும். இடுப்புப் பட்டையை நடக்கும் நேரத்துக்கு மட்டும் அணிவதில் தவறில்லை. நாள் முழுதும் அணிந்தால் தசைகள் சோம்பிப்போகும். பராமரிப்போர் அன்பினால் ‘படுத்தே இருங்கள்’ என்று சொல்வது இந்நோயில் தீங்கையே விளைவிக்கிறது.

மாத்திரைகள் துணை மட்டுமே. அவை கால்வாயை விரிப்பதில்லை. வலிநிவாரணிகளைக் கடையில் தாமாக வாங்கித் தொடர்ந்து உண்பது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்; இரத்த அழுத்தத்தை உயர்த்தும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்வோருக்கு ஆபத்து இன்னும் மிகுதி. கபாபென்டின், பிரிகாபலின் போன்ற நரம்பு மருந்துகள் சிலருக்குத் தலைச்சுற்றலும் தூக்கக் கலக்கமும் தரும். இரவில் கழிவறைக்கு எழும் முதியவர் விழுந்தால், முதுகுவலிக்கு வந்தவர் இடுப்பெலும்பு முறிவோடு திரும்ப வருவார்.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பலர் மிகவும் நம்பி வருகிறார்கள். 2014-இல் 400 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், ஸ்டீராய்டு கலந்த மரப்பு ஊசிக்கும் வெறும் மரப்பு ஊசிக்கும் இடையே ஆறு வாரத்தில் மிகச் சிறிய வேறுபாடே தெரிந்தது. கடும் கால்வலியால் பயிற்சியே செய்ய இயலாதவருக்குத் தற்காலிக நிவாரணமாக அதைப் பரிசீலிக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள்கள் சர்க்கரை உயரும்; வீட்டில் அளவிட்டுக் குறித்துவைக்க வேண்டும்.

சில மாதங்கள் முறையாகப் பயிற்சி செய்தும் நடைத்தூரம் குறைந்துகொண்டே போனால் அறுவையைப் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது எனலாம். அதுவரை, எத்தனை நிமிடம் நடந்தபின் அமர வேண்டியிருக்கிறது என்று வாரம் ஒருமுறை எழுதி வாருங்கள். அடுத்த ஆலோசனையில் அந்தத் தாள் புதிய எம்.ஆர்.ஐ. படத்தைவிட மிகுதியாகப் பயன்படும்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உள்ளன. சிறுநீர் கழிக்க முடியாமல் போதல் அல்லது தன்னையறியாமல் கழிதல், மலம் அடக்க இயலாமை, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி உணர்வு மரத்தல், பாதம் தொங்கிப்போதல், கால் வலு விரைந்து குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் மறுநாள் புறநோயாளிகள் பிரிவு திறக்கட்டும் என்றிராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். முதுகுவலியுடன் காய்ச்சலோ காரணமற்ற எடைக்குறைவோ இருந்தாலும், முன்பு புற்றுநோய் இருந்திருந்தாலும், தாமதமின்றி மருத்துவரிடம் தெரிவியுங்கள்.