உட்காரட்டும், அப்புறம் அளக்கலாம்

காரில் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் இரண்டும் புதிது, ஷாக்கும் புதிது. அன்று சாயங்காலமே அலைன்மென்ட் செய்தாயிற்று. கம்ப்யூட்டர் தந்த தாளில் எல்லா எண்ணும் பச்சை. பத்தே நாளில், நேர்ச்சாலையில் போகும்போதே ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது என்று சேலத்து வாசகர் ஒருவர் புலம்பியிருக்கிறார். மெஷின் பொய் சொல்லிவிட்டதா?

இல்லை. நின்ற நிலையைச் சரியாகத்தான் அளந்தது. வண்டிதான் அன்றைக்கு இன்னும் உட்காரவில்லை.

புதிதாகப் பின்னிய கயிற்றுக் கட்டிலில் நாலு ராத்திரி படுத்து எழுந்த பிறகுதான் கயிறு இறங்கும். அப்புறம் கால்மாட்டில் இழுத்துக் கட்டுவார்கள். புது ஸ்பிரிங்கும் ரப்பரும் அதே ஜாதி. வண்டி சில மில்லிமீட்டர் இறங்கினாலும் ஆர்மின் சாய்வு மாறும், கூடவே கேம்பரும் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே வெளியே திரும்பிய கோணம்) நகரும்.

இதில் வேடிக்கையான பொருள், ஆர்மை வண்டியோடு இணைக்கும் புஷ். நடுவில் ஓர் இரும்புக் குழாய், வெளியே ஒரு வளையம், இரண்டையும் ஒட்டிப் பிடித்த ரப்பர். போல்ட்டை முடுக்கியதும் நடுக்குழாய் அசையாது. பிறகு ஆர்ம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு ஈடுகொடுக்கிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக முடுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் பிழிந்த ஈரத்துண்டு போல முறுக்கியே கிடக்கும். அந்த முறுக்கு வண்டியைச் சற்றே தூக்கிப் பிடிக்கும். ரப்பரும் சீக்கிரம் கிழியும். பாரம் சக்கரத்தின்மேல் வந்தபிறகே கடைசி முடுக்கு. அவசரப் பட்டறைகளில் இதற்கு யாருக்குப் பொறுமை?

ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளப்பதும் தப்பு. தொங்கிய சக்கரங்கள் உள்வாங்கியிருக்கும். அவை விரிய முடியாமல் டயர் தரையைக் கவ்விக்கொள்ளும். வண்டியை முன்னும் பின்னும் பத்தடி உருட்டினால் தீர்ந்தது.

பழைய பி.எம்.டபிள்யூ மாடல்கள் சிலவற்றில் அளக்குமுன் டேங்க்கை நிரப்பி, முன் இருக்கைகளில் தலா 68 கிலோ, பின்னால் 68 கிலோ, டிக்கியில் 21 கிலோ என்று பாரம் ஏற்றச் சொல்கிறது நிறுவனம். வண்டியின் உயரத்துக்கு அவ்வளவு மரியாதை!

அதற்காக, சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராடையும் கழற்றி மாட்டிவிட்டு, அளக்காமலே ஊர்சுற்றக் கூடாது. ஒரு சக்கரத்தில் டோ கால் டிகிரி பிசகினால், கிலோமீட்டருக்கு 4 மீட்டருக்கு மேல் டயர் பக்கவாட்டில் உரசி இழுபடுகிறது. அன்றைக்கே டோவை மட்டும் சரிசெய்துகொண்டு, சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் முழு அலைன்மென்ட் செய்யலாம். இப்படி “அடுத்த வாரம் வாங்க” என்கிற மெக்கானிக்கைத்தான், ரெண்டு பில் போடப் பார்க்கிறான் என்று நாம் சந்தேகப்படுகிறோம்.

சேலத்து வாசகர் முதலில் வண்டியைப் பிட்டின்மேல் நிறுத்தி, ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தச் சொல்லட்டும். பம்பரை நாலு அமுக்கு அமுக்கி, சக்கரம் தரையில் இருக்கும்போதே மறுபடி முடுக்க வேண்டும். தளர்த்தும்போது ‘டக்’கென்று சத்தம் கேட்டு வண்டி ஒரு நூல் இறங்கினால், முறுக்கு அங்கேதான் இருந்திருக்கிறது.