கிழங்கானுக்கு எந்தத் தூண்டில் கம்பு?

அடையாறு கடலில் கலக்கும் இடத்தில், வடக்கே பட்டினப்பாக்கம் கரையிலும் தெற்கே ஊரூர் குப்பம் கரையிலும், நீர் ஏறும் நேரத்தில் தூண்டிலோடு ஆட்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் கையில் பாட்டிலில் சுற்றிய தங்கூஸ் மட்டும்தான். சிலர் கையில் பளபளக்கும் கார்பன் ராடு. புதிதாக ராடு வாங்கப் போகிறவர் கடையில் கேட்பது, "எவ்வளவு பெரிய மீனைத் தாங்கும்?" என்றுதான். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: பிடிக்கப்போகும் மீனின் வாய் எப்படிப்பட்டது?

இந்தக் கழிமுகத்தில் சிறு தூண்டிலுக்கு ஏற்ற மீன் கிழங்கான். பெரும்பாலும் ஒரு சாண் நீளம்தான் இருக்கும். கூம்பிய மூக்கும் சின்ன வாயும் கொண்டது. அந்த வாயைக் குழாய்போல முன்னே நீட்டி, மணலுக்குள் இருக்கும் புழுவையும் சிறு இறாலையும் உறிஞ்சி எடுக்கும். அப்படி நீளும் வாயின் ஓரம் மெல்லிய சவ்வு. முள் மாட்டியதும் விறைப்பான கம்பால் வெடுக்கென்று இழுத்தால் சவ்வு கிழிந்து மீன் போய்விடும். அமெரிக்க ஏரிகளில் கிராப்பி என்றொரு மீன் உண்டு. அதன் வாயும் இப்படி லேசில் கிழிவதுதான். அங்கே அதற்கென்றே நுனி இளகிய, பத்தடிக்கும் மேல் நீளமான கம்புகள் விற்கிறார்கள்.

அதே முகத்துவாரத்துக்கு வரும் கொடுவா நேர் எதிர். உறுதியான வாய், தங்கூஸை அறுத்துவிடும் கூரிய செவுள் மூடி. மாட்டியவுடன் பாலத்தூண், பாறை என்று ஏதாவது ஒரு மறைவை நோக்கி ஓடும். அதைத் தடுத்து நிறுத்த அடிப்பகுதி முறுக்கான கம்பு வேண்டும். இரண்டு மீனுக்கும் ஒரே ராடு என்று யாராவது விற்றால், அது இரண்டுக்கும் அரைகுறையாகவே இருக்கும்.

கம்பின் வேலை மீனைத் தூக்குவது என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு ஸ்பிரிங். எட்டடிக் கம்பின் அடியை இடுப்பில் ஊன்றி, அங்கிருந்து ஒன்றரை அடி மேலே கையால் பிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். நுனியில் ஒரு கிலோ இழுவை வந்தால் கை ஐந்து கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். நீளக் கம்பு நமக்கல்ல, மீனுக்குச் சாதகமான நெம்புகோல். கம்பு வளைய வளைய இந்த நெம்புகோல் குட்டையாகிறது, கையின் சுமை குறைகிறது. மீன் தலையை உதறும்போதெல்லாம் நுனி வளைந்து நிமிர்ந்து, தங்கூஸ் தளராமல் பார்த்துக்கொள்கிறது. ஒரு கம்பின் விட்டத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். நுனியை அவ்வளவு ஒல்லியாக இழைப்பதன் காரணம் இதுதான்.

கம்பு எதனால் ஆனது என்பதும் முக்கியம். சென்னை மாகாணத்தில் சிவில் சர்வீஸ் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை வெளியிட்டார். குளம், ஏரிகளில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக இன்னொரு நூலையும் 1887-இல் கொண்டுவந்தார். அவர் காலத்தில் கம்பு என்றால் மூங்கிலும் மரமும்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கண்ணாடி இழை வந்தது, 1970-களில் கார்பன் வந்தது. கார்பன் எடை குறைவு. மீன் இரையைத் தொடும் அதிர்வு கைக்கு உடனே தெரியும். ஆனால் பாறையில் இடித்தால் விரிசல் விடும். அதைவிட முக்கியம், கார்பனில் மின்சாரம் பாயும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது அதைக் கையில் பிடித்து நிற்கவே கூடாது. மின்கம்பிக்குக் கீழேயும் நீட்டக்கூடாது. கண்ணாடி இழை கொஞ்சம் கனம்தான், ஆனால் அடி தாங்கும், வளைந்து கொடுக்கும். கிழங்கானுக்கு அந்த இளக்கம்தான் வேண்டும்.

கடையில் கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். கிராமில் இருப்பது அந்தக் கம்பால் வீசக்கூடிய எடை. பிறகு நுனியைக் கடைக்காரர் மெதுவாக இழுக்கட்டும், நீங்கள் அடியைப் பிடித்துக்கொண்டு வளைவைப் பாருங்கள். நுனிப் பகுதி மட்டும் மடங்கினால் அது வேகக் கம்பு, கொடுவாவுக்குச் சரி. வளைவு நடுக்கம்பு வரை இறங்கினால் கிழங்கானுக்கு எடுக்கலாம். தங்கூஸ் ஓடும் வளையங்களுக்குள் பஞ்சை விட்டு உருவிப் பாருங்கள். எங்கேயாவது சிக்கினால் அங்கே தங்கூஸும் தேயும். உப்புத் தண்ணீர்க்காரர்கள் துருப்பிடிக்காத வளையமாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ராடையும் ரீலையும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

புதியவருக்கு என் பரிந்துரை: ஏழிலிருந்து எட்டடி நீளம், 5 முதல் 20 கிராம் வரை வீசக்கூடிய கண்ணாடி இழைக் கம்பு, மெல்லிய தங்கூஸ், சின்ன ஈயம். முள் வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள்: 6-ஆம் எண்ணைவிட 10-ஆம் எண் முள் சிறியது. பின்னல் நூல் இந்த மீனுக்கு வேண்டாம். தங்கூஸ் இழுபட்டுக் கொடுக்கும், பின்னல் நூல் கொடுக்காது.

இடம் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த முகத்துவாரத்தில் 1977-இல் இடிந்துபோன 'உடைந்த பாலத்தின்' மேல் ஏறி நின்று தூண்டில் போடாதீர்கள்; கரையிலிருந்தே கிழங்கான் கிடைக்கும். அறுந்த தங்கூஸ் மட்காது. ஜனவரி முதல் மார்ச் வரை பெசன்ட் நகர் மணலில் முட்டையிட ஆமைகள் ஏறி வருகின்றன. அவை சிக்கிக்கொள்ளாதிருக்க, துண்டு தங்கூஸைக் கரையில் போடாமல் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.