மோட்டார் சைக்கிள் எஞ்சின் விட்டுவிட்டு அடித்தலும் ஏறியிறங்கி ஓடுதலும்: காரணம் அறியும் முறை

விடியுமுன் பாலைச் சங்கத்திற் சேர்ப்பதற்கும், ஒட்டன்சத்திரம் போன்ற சந்தைகளுக்குக் காய்கறி மூட்டை கொண்டுபோவதற்கும், வயலுக்கு உரம் ஏற்றிச் செல்வதற்கும் மோட்டார் சைக்கிள் இப்பொழுது அநேக கிராமங்களில் வண்டிமாட்டின் ஸ்தானத்தை அடைந்துவிட்டது. மாடு தீனி எடுக்காவிடில் குடியானவர் அதன் காதைத் தொட்டுப் பார்ப்பார், சாணத்தைக் கவனிப்பார், நோய் இன்னதென்று தெரிந்த பிறகே மருந்து தேடுவார். எஞ்சின் விஷயத்திலோ இந்தப் பொறுமை காணப்படுவதில்லை. வண்டி திணறியவுடன் கார்புரேட்டர் திருகைத் திருப்புவதே முதல் வேலையாக இருக்கிறது. இதனால் பழைய கோளாறு இருந்தபடியே இருக்க, புதிதாக மற்றொன்றும் சேர்ந்துவிடுகிறது. பிறகு பட்டறைக்குப் போனால், காயில், பிளக், கார்புரேட்டர் மூன்றையும் மாற்றிப் பணம் கொடுத்த பின்னும் எது பழுதென்று தெரியாமலே திரும்ப நேரிடுகிறது.

முதலில் இரண்டு கோளாறுகளையும் பிரித்தறிதல் அவசியம். மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்று சொல்வது, சிலிண்டருக்குள் சென்ற பெட்ரோல் ஆவி சில தடவைகளில் எரியாமலே வெளியேறிவிடுவதாகும். நான்கு வீச்சு எஞ்சின் நிமிஷத்திற்கு 3000 சுற்று சுற்றும்போது, நிமிஷத்திற்கு 1500 தடவை, அதாவது விநாடிக்கு 25 தடவை, ஆவி எரியவேண்டும். அவற்றுள் ஒன்றிரண்டு தவறினாலும் வண்டி வெட்டி இழுக்கும். புகைக்குழாயில் ‘பட்’ என்ற ஓசை கேட்கும். ஏறியிறங்கி ஓடுதல் வேறு. ஆக்ஸிலேட்டரைக் கை அசையாமல் ஒரே நிலையில் பிடித்திருந்தும், எஞ்சின் தானாகவே வேகம் கூடுவதும் குறைவதுமாக அலைபோல் ஓடும். வெட்டி இழுப்பதற்குப் பெரும்பாலும் தீப்பொறியில் குற்றம் இருக்கும். அலைபோல் ஓடுவதற்குப் பெரும்பாலும் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்திருத்தலே காரணம். விதிவிலக்குகள் உண்டு; எனினும் தேடத் தொடங்கும் இடத்தை இது காட்டிவிடும்.

எஞ்சினைத் தொடுமுன் செயினைப் பார்ப்பது நலம். தளர்ந்தோ, ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொய்ந்தோ இருக்கும் செயின், எஞ்சின் வெட்டுவது போலவே வண்டியைக் குலுக்கும். எஞ்சினின் ஓசை மட்டும் ஏறி வண்டியின் வேகம் ஏறாவிடில் அது கிளட்ச் வழுக்குதலே அன்றி வேறில்லை. இவ்விரண்டையும் எஞ்சின் நோயென்று எண்ணிப் பணத்தை வீணாக்கியவர் பலர்.

தீப்பொறியைச் சோதிக்க ஒரு நல்ல பிளக்கை உபரியாக வைத்திருத்தல் வேண்டும். எஞ்சினிலுள்ள பிளக்கைக் கழற்றாமல், அதன் தொப்பியை மட்டும் எடுத்து உபரிப் பிளக்கில் மாட்டி, பிளக்கின் உலோக உடலைச் சிலிண்டர் தலையில் நன்றாகப் படவைத்து உதைத்துப் பார்க்கலாம். நீலநிறமாய்ச் சொடுக்கென்று பாயும் பொறி நல்லது. மஞ்சளாய் மெலிந்து வருவது நல்லதன்று. எஞ்சின் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துவாரத்தின் அருகிலேயே பொறி பார்ப்பது ஆபத்து. உள்ளிருந்து பீச்சும் பெட்ரோல் ஆவி தீப்பற்றக்கூடும். தொப்பியை வெறுங்காற்றில் தொங்கவிட்டு உதைப்பதும் கூடாது. மின்சாரம் போக வழியில்லாமல் காயிலையோ மின்னணுப் பெட்டியையோ கெடுத்துவிடும். மேலும், திறந்த வெளியில் பாயும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட ஆவியின் நடுவே பாயாமற் போகலாம். ஆகையால் உபரிப் பிளக்கை எஞ்சினில் மாட்டிச் சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பதே முடிவான சோதனை. செலவு குறைந்ததும் அதுவே.

மழைக்காலத்தில் மட்டும் வெட்டும் வண்டியை இருட்டில் நிறுத்தி ஓடவிட்டு, பிளக் ஒயரையும் தொப்பியையும் கையால் தொடாமல் உற்றுப் பார்க்கவேண்டும். கசியும் இடத்தில் சிறு மின்மினிபோல் பொறி தெரியும். 1955ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட என்பீல்டு இந்தியாவின் பழைய புல்லட் வண்டிகளைப்போல் பாயிண்டு உள்ளவற்றில், அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். பாயிண்டின் நார்க்குதிகால் தேயத் தேய இடைவெளி குறுகும், பொறியும் மெலியும். பாயிண்டுகளுக்கிடையே பெரிய பொறி பறந்து முகம் கருகிக் குழிவிழுந்திருப்பின், கண்டென்சரைச் சந்தேகிக்கவேண்டும்.

பெட்ரோல் பக்கத்துக் கோளாற்றுக்குச் சோக்கைவிடச் சிறந்த பரிசோதகன் இல்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறி, அலைபோல் ஏறியிறங்கும் சமயத்தில் சோக்கைப் பாதியளவு போட்டுப் பார்க்கவேண்டும். உடனே ஓட்டம் சீர்பட்டால் பெட்ரோல் குறைவென்பது நிச்சயம். மாறாக, இன்னும் திணறிக் கறும்புகை விட்டால், பெட்ரோல் மிகுதி என்றோ, ஏர் பில்டரில் புழுதி அடைத்திருக்கிறது என்றோ, பொறியே குற்றமென்றோ கருதலாம். பிளக்கின் முகமும் இதற்குச் சாட்சி சொல்லும். செங்கல் நிறம் ஆரோக்கியம். சுண்ணாம்பு போன்ற வெண்மை பெட்ரோல் குறைவு. உலர்ந்த கரி மிகுதி. எண்ணெய்ப் பசையுள்ள கருமை, பிஸ்டன் வளையமோ வால்வு வழிகாட்டியோ தேய்ந்ததைக் காட்டும்.

பெட்ரோல் குறைவென்று தெரிந்தபின் இடத்தைத் தேடவேண்டும். மெதுவாகப் போகையில் மட்டும் அலைவது சிறிய பைலட் ஜெட்டு அடைபட்டதன் குறி. முழு வேகத்தில் மட்டும் தளர்வது பெரிய ஜெட்டையோ டாங்க் குழாயின் சல்லடையையோ சுட்டும். ஜெட்டுகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்யவேண்டுமேயல்லாமல் கம்பியால் குடையலாகாது, துவாரம் பெரிதாகிவிடும். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் வெடித்திருந்தால் அதன் வழியே வெறுங்காற்று புகும். எஞ்சின் மெதுவாக ஓடுகையில் அந்த ரப்பரின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தால், வெடிப்புள்ள இடத்தில் ஓட்டம் உடனே மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளிக்கின்றனர். சூடான எஞ்சினில் அது தீக்கு விருந்து வைப்பதாகும்.

ஐந்தாறு கிலோமீட்டர் ஒழுங்காய் ஓடிப் பிறகு நிற்கும் வண்டியில் மிகுந்த குழப்பம் நேருகிறது. நின்றவுடன் டாங்க் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போய், வண்டி சிறிது நேரத்தில் கிளம்பினால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. ஓர் ஊசியால் தீரும் வேலை. மூடியைத் திறந்தும் பயனின்றி, அரைமணி ஆறிய பிறகே கிளம்பினால் சூட்டில் சோர்ந்துபோகும் காயில் என்று அறியலாம். வால்வு இடைவெளி போதாமலிருப்பினும் சூட்டில் இவ்வாறு நேரும். அப்பொழுது உதைகாலில் எதிர்ப்பு குறைந்திருக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் கவனிக்கவேண்டும். ஒரு கிலோ வெறும் பெட்ரோல் முழுதும் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்ததற்கு ஏறக்குறைய 13½ கிலோ போதும். ஆகவே பழைய ஜெட்டிலேயே ஓடும் வண்டியில் காற்று சற்று மிகும். முன்பே விளிம்பிலிருந்த எஞ்சின் அலைய ஆரம்பிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் கார்புரேட்டர் கிண்ணத்தை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வடித்துப் பார்த்தால், தண்ணீர் கலந்த பகுதி அடியில் தனியே நிற்பதைக் காணலாம்.

இந்த அலைச்சலை அசட்டை செய்யலாகாது. பெட்ரோல் குறைந்த எஞ்சின் சுமையோடு நெடுந்தூரம் ஓடினால் அளவு கடந்து சூடேறிப் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளக்கூடும். லாரியை முந்தும் நேரத்தில் எஞ்சின் வெட்டினால் நேரும் விபத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த புகை விதிகளுக்குப் பின் வந்த வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோல் பீச்சும் கருவி உளது. அவற்றிலும் பிளக், ஏர் பில்டர், ரப்பர், செயின் ஆகியவற்றை முற்கூறியவாறே பார்க்கலாம். பாட்டரி முனைகள் தளர்ந்திருந்தாலும் இவ்வண்டிகள் வெட்டும். எஞ்சின் உருவமுள்ள மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டேயிருந்தால் மேற்கொண்டு கைவைக்காமல், எந்த வேகத்தில், எவ்வளவு சூட்டில், மழையிலா வெயிலிலா கோளாறு தோன்றிற்று என்பதைக் குறித்துக்கொண்டு, கருவியுள்ள பட்டறைக்குக் கொண்டுபோவதே தக்கது.