சும்மா இருப்பதை அளப்பது எப்படி?

முதுமையை அளக்கப் புகுந்த மருத்துவம், முதியவரால் எவற்றையெல்லாம் தாமே செய்துகொள்ள முடிகிறது என்பதையே நெடுங்காலமாகக் கேட்டுவந்திருக்கிறது. 1963-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவர் குழுவினரும் வெளியிட்ட அளவுகோல், குளித்தல், உடுத்தல், உண்ணல், கழிப்பறைக்குச் சென்று வருதல், படுக்கையை விட்டு எழுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல் ஆகிய ஆறையும், 1969-இல் லாட்டன், பிரோடி ஆகிய இருவரும் வகுத்தது, சமையல், கடைக்குப் போதல், பணத்தைக் கையாளுதல் போன்ற எட்டையும் பட்டியலிட்டன. இந்தியாவில் 2017-18-இல், 45 வயது நிறைந்தோரும் அவர்தம் துணைவருமாக 72,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த லாசி என்னும் முதுமை ஆய்வும் இவ்வகைக் கேள்விகளைக் கேட்டது.

தாமே குளித்து உடுத்தி உண்ணும் ஒருவர், பகல் முழுவதும் திண்ணையில் வெறுமையாய் அமர்ந்திருந்தாலும் இத்தகைய அளவுகோலில் முழு மதிப்பெண் பெற்றுவிடுவார். இக்குறையை நோக்கி ஈக்மன், கார்ல்சன், கிளார்க் ஆகிய மூவர் 2010-இல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டனர். அதில் உள்ள 28 செயல்களில் ஒவ்வொன்றையும் எத்தனை முறை செய்கிறார் என்பதற்கு 0 முதல் 6 வரையும், அது அவருக்கு எவ்வளவு பொருளுடையது என்பதற்கு 0 முதல் 4 வரையும் முதியவரே மதிப்பிட, இரண்டையும் பெருக்கிக் கூட்டுவது அதன் முறையாகும். இவர்களுள் புளோரன்ஸ் கிளார்க்கின் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 361 முதியோரிடம் ஒன்பது மாதம் நடந்து, 1997-இல் வெளியான சோதனை, தம் அன்றாடத்தைத் தமக்கு வேண்டியவாறு அமைத்துக்கொள்ளச் செயல்முறை மருத்துவரின் துணை பெற்றவர்கள் நலம் கண்டதையும், கூடிப் பொழுதுபோக்க மட்டும் அழைக்கப்பட்டோர் எவ்வுதவியும் பெறாதவரைவிட மேம்படாததையும் காட்டியது.

இப்பட்டியலைப் பழனி மலைத்தொடருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது பயனுடையது. வாசிப்பு, கணினி, செல்லப்பிராணி ஆகியவற்றுக்கு அதில் இடம் இருக்கலாம். ஆனால் கொடைக்கானல் மேல்மலையில், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டை நடவுக்காகப் பல் பல்லாகப் பிரிப்பதும், கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பிக்கொட்டையையும் மிளகையும் உலர்த்திப் பொறுக்குவதும் எந்தத் தலைப்பில் அடங்கும்? உட்கார்ந்த இடத்தில் கைகளாலேயே முடியும் இவ்வேலைகள், வயல் சரிவில் இறங்க முடியாத முதுமையிலும் ஒருவரைக் குடும்பத்தின் பிழைப்போடு பிணைத்து வைப்பவை. ஆயினும் "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால், "சும்மாதான் இருக்கேன்" என்ற விடையே பெரும்பாலும் வரும். கூலிக்குப் போகாத எந்த உழைப்பும் இம்மொழி வழக்கில் சும்மா என்பதற்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே இங்கு உருவாகும் பட்டியல், செயலைப் பெயர் சொல்லிக் கேட்டாக வேண்டும்.

சொல்லிலும் இடர் உண்டு. 'பொருள்' என்பது தமிழில் அர்த்தத்தையும் செல்வத்தையும் ஒருங்கே குறிப்பதால், இச்செயல் பொருளுடையதா என்று வினவினால் காசு வருமா என்று கேட்பதாகக் கொள்ளப்படலாம். மனசுக்கு நிறைவாக இருக்கிறதா, செய்யாமல் போனால் குறையாகத் தோன்றுமா என்று கேட்பதே பொருந்தும். முன்பே ஹரியானாவின் பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து முதியோருக்கென வகுக்கப்பட்ட அன்றாடத் திறன் அளவுகோல், பண்டிகைகள் நினைவிருக்கின்றனவா, சொல்லி அனுப்பிய செய்தியைச் சேர்க்கிறாரா என்று அவர்கள் வாழ்வுக்கேற்ப வினவியது. அதுவும் திறனையே அளந்தது என்றாலும், கேள்வியை ஊருக்குள் தேட வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது.

பெருக்கல் முறையிலும் ஓர் அநீதி மறைந்திருக்கிறது. நாள்தோறும் பார்க்கும் தொலைக்காட்சிக்கு 6, அதன் நிறைவுக்கு வெறும் 1 என்றால் பெருக்கம் 6 ஆகும். ஆண்டுக்கொருமுறை தைப்பூசத்துக்குப் பழனி செல்வதற்கு நிறைவு 4 என்று முழுமையாகக் கொடுத்தாலும், அரிதாகச் செய்வது என்பதால் 1-ஆல் பெருக்கப்பட்டு 4-இலேயே நின்றுவிடும். பழனி மலைக்கோயிலின் படிகளை ஏறியவரை, படியேறுவதைக் கணக்கிடும் திறன் அளவுகோல் உயர்த்தி, வின்ச்சிலோ ரோப் காரிலோ ஏறியவரைத் தாழ்த்தும். சன்னிதியில் இருவரும் பெறுகிற நிறைவு எவ்வளவு என்பதை அவர்களிடம்தான் கேட்டறிய வேண்டும்.