இலக்கு நோக்கும் பழைய ரைபிள்

‘த்ரீ நாட் த்ரீ’ என்னும் பெயரைக் கேளாத தமிழர் சிலரே இருப்பர். கருவூல வாயிலிலும் சிறைச்சாலை மதில்மேலும் பல்லாண்டுக் காலம் காவலர் தோளில் தொங்கிய நீண்ட துப்பாக்கிக்கு மக்கள் வழங்கிய பெயர் அது. ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் 303 கூறு விட்டமுடைய குழல் அதற்கு உண்டு. பெயரின் காரணம் அதுவே. லீ-என்பீல்டு ரைபிள் என்பது அதன் முறையான பெயர். நம் நாட்டில் ஆயுதப் படையினரின் கருவியாக மட்டுமே நாம் கண்ட இத்துப்பாக்கியை, பிரிட்டனில் ஆசிரியரும் தச்சரும் வணிகரும் தம் சொந்தச் செலவில் வாங்கிப் பேணி, விடுமுறை நாள்களில் காகித இலக்கை நோக்கிச் சுட்டு வருகின்றனர். போருக்கெனப் பிறந்த கருவி எவ்வாறு பொழுதுபோக்குக்கு உரியதாயிற்று, அதை வைத்திருப்போனுக்கு உரிய கடமைகள் யாவை என்பனவே இன்று நான் விளக்க எடுத்துக்கொண்ட செய்திகள்.

பள்ளி ஆசிரியனுக்குத் துப்பாக்கியோடு என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். தேசிய மாணவர் படைக்குப் பொறுப்பேற்ற ஆசிரியர்களுள் நானும் ஒருவன். மாணவர்கள் 25 கஜத் தொலைவில் சுட்டுப் பழகிய .22 ரைபிள், இதே லீ-என்பீல்டின் உடலில் சிறிய குழலைப் பொருத்தி அமைத்த பயிற்சித் துப்பாக்கியேயாகும். அதன் அமைப்பைக் கற்பிக்கப் புகுந்தபோது அதன் குலவரலாற்றையும் கற்க நேர்ந்தது.

ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் 1831-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். அவர் வகுத்த தாழும் தோட்டாப் பெட்டியும் கொண்ட ரைபிளை 1888-இல் பிரிட்டிஷ் படை ஏற்றது. கார்டைட் என்னும் புகையற்ற மருந்தின் வெப்பம் குழலின் உள்வரிகளை விரைந்து தேய்த்துவிட்டமையால், 1895-இல் ஆழமான வரிகள் உடைய குழல் வந்தது. லண்டனுக்கு வடக்கேயுள்ள என்பீல்டு என்னும் ஊரின் அரசாங்க ஆயுதசாலையில் அக்குழல் உருவானமையால் லீயின் பெயரோடு ஊரின் பெயரும் சேர்ந்தது. 1907-இல் வந்த வடிவம் முதல் உலகப் போரிலும், ‘நான்காம் எண்’ எனப்பட்ட வடிவம் இரண்டாம் போரிலும் புகழ்பெற்றன. கொல்கத்தாவை அடுத்த இச்சாபூர் ஆயுதசாலையிலும் இவ்வினத் துப்பாக்கிகள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன.

இலக்கு நோக்கிச் சுடும் மரபோ இதனினும் மூத்தது. 1860-ஆம் ஆண்டு லண்டனை அடுத்த விம்பிள்டனில் தேசிய ரைபிள் சங்கத்தின் முதற் போட்டியை விக்டோரியா அரசியார் ஒரு குண்டு சுட்டுத் தொடங்கி வைத்தார். நகரம் பெருகவே 1890-இல் போட்டி நிலம் சர்ரே மாவட்டத்துப் பிஸ்லிக்குப் பெயர்ந்தது. அங்கு நடைபெறும் அரசர் பரிசுப் போட்டியின் இறுதிக் கட்டம் 900 கஜத்திலும் 1000 கஜத்திலும் நிகழும். வென்றவரை நாற்காலியில் அமர்த்தித் தோழர்கள் தூக்கிச் செல்வது வழக்கம். 1930-இல் அவ்வாறு வென்றவர் மார்ஜரி பாஸ்டர் என்னும் பெண்மணி. அப்பரிசைப் பெற்ற முதற் பெண் அவரே.

இனித் துப்பாக்கியின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். கதவுக்குத் தாழ்ப்பாள் எப்படியோ, அப்படியே குழலின் பின்வாயை அடைப்பது இரும்புத் தாழ். ஜெர்மானிய மௌசர் துப்பாக்கியில் இத்தாழின் பற்கள் முன்புறத்தில், குழலின் வாயை ஒட்டியே பூட்டிக்கொள்ளும். லீ அமைத்த தாழிலோ அவை பின்புறத்தில் உள்ளன. ஆகவே வெடிக்கும்போது துப்பாக்கியின் உடல் நூலிழை அளவு நெகிழ்கிறது. குழலும் மூங்கிற்கழி போல் அதிர்கிறது. இது பெருங்குறை என்று வல்லுநர் பலர் கூறினர். மௌசர் முறையைத் தழுவிய புதிய துப்பாக்கி ஒன்று 1913-இல் சோதிக்கவும் பட்டது. மறு ஆண்டே போர் மூண்டமையால் பழையதே நிலைத்தது.

ஆனால் இக்குறையிலேயே ஒரு நன்மை ஒளிந்திருந்தது. எத்துணைக் கவனமாகச் செய்தாலும் எல்லாத் தோட்டாக்களும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. விரைவான குண்டு, அதிரும் குழலின் முனை சற்றுத் தாழ்ந்திருக்கும்போதே வெளியேறிவிடுகிறது. மெதுவான குண்டு ஒரு நொடியின் சிறு பகுதி பிந்தி, முனை உயர்ந்தபின் வெளியேறுகிறது. மெதுவான குண்டு வழியில் மிகுதியாகத் தாழும் என்பது உண்மையே; ஆயினும் உயர நோக்கிப் புறப்பட்டமையால் அத்தாழ்வு ஈடாகிறது. எனவே அண்மையில் சற்றே சிதறும் குண்டுகள், 900, 1000 கஜத் தொலைவில் மேல் கீழ் வேறுபாடு குறைந்து ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. இயந்திரத்தின் இயல்பை முற்றும் அறியாமல் குறை என்று தள்ளலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று எது?

பழைய ரைபிளை வாங்குவோன் முதலில் கற்க வேண்டுவது சுடுதல் அன்று; சோதித்தல். தாழின் எண்ணும் உடலின் எண்ணும் ஒத்திருக்கின்றனவா? தாழின் முகத்துக்கும் குழலின் பின்வாய்க்கும் இடையே உள்ள இடைவெளி அளவில் நிற்கிறதா? அது மிகுந்தால் தோட்டாவின் பித்தளைக் கூடு பிளந்து சூடான வாயு சுடுவோன் முகத்தில் அடிக்கக்கூடும். வெடிவலிமைச் சோதனை நிலையத்தின் முத்திரை குழலில் உள்ளதா என்றும் காண வேண்டும். அடுத்தது மரக்கட்டை. மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு ஊதிக்கொண்டு சாத்த மறுப்பதில்லையா? அவ்வாறே ஈரத்தில் ஊதிய கட்டை குழலை ஒரு பக்கமாகத் தள்ளும். நேற்று நடுவில் பட்ட குண்டு இன்று விலகிப் படும். சுட்டவன் தன் கண்ணை நோவான். குற்றமோ மரத்தில் இருக்கும்.

சுடும் முறை யோகப் பயிற்சியை நினைவூட்டுவது. தரையில் குப்புறப் படுத்து, தோல்வாரை இடக்கையில் சுற்றி இறுக்கி, மூச்சில் பாதியை விட்டு நிறுத்த வேண்டும். விசைக்கு இரண்டு அழுத்தங்கள் உண்டு. முதல் அழுத்தம் தளர்வை நீக்கும். இரண்டாம் அழுத்தமே வெடிக்கச் செய்யும். அதனை வெடுக்கென்று இழுப்போன் குறி தவறுவான். 1000 கஜத்தைக் கடக்க .303 குண்டுக்கு ஏறத்தாழ 2 விநாடி ஆகிறது. அதற்குள் மணிக்கு 10 மைல் வேகமுள்ள குறுக்குக் காற்று அதனைப் பத்தடி அளவு விலக்கிவிடும். ஆகவே கொடி பறக்கும் விதத்தையும், கானல் ஓடும் திசையையும் படிக்கத் தெரிந்தவனே தேர்ந்தவன்.

சுட்டு முடிந்தபின் வேலை முடிந்ததாகாது. பழைய இராணுவத் தோட்டாக்களின் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு உண்டு. அது எரிந்தபின் ஒருவகை உப்பு குழலில் படியும். காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும். எனவே முதலில் கொதிநீரைக் குழலில் ஊற்றிக் கழுவி, துடைத்து உலர்த்தி, பின்னரே எண்ணெய் இட வேண்டும். வேதியியல் பாடத்தின் பயனைக் கேட்கும் மாணவனுக்கு இதனையே எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

இதுவரை கூறியன கருவியைப் பேணும் கடமைகள். அவற்றினும் பெரிய கடமை ஒன்று உண்டு. 1996-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்னும் ஊரின் தொடக்கப் பள்ளிக்குள் ஒருவன் கைத்துப்பாக்கிகளோடு புகுந்து, 16 குழந்தைகளையும் அவர்தம் ஆசிரியையையும் கொன்றான். அவன் சட்டப்படி உரிமம் பெற்றவன். அவனைப் பற்றிய ஐயங்கள் முன்னரே எழுந்திருந்தும் உரிமம் நீக்கப்படவில்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த என்னால் இச்செய்தியைக் கூறாமல் துப்பாக்கியின் சிறப்பை மட்டும் பேசிச் செல்ல இயலாது.

அதன்பின் 1997-இல் கைத்துப்பாக்கிகள் ஏறக்குறைய முற்றாகத் தடுக்கப்பட்டன. தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் பெரிய ரைபிள்களோ 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே விலக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் கையால் தாழை இழுத்துச் சுடும் லீ-என்பீல்டு போன்றவை கடுங்காவலோடு அனுமதிக்கப்பட்டன. உரிமம் வேண்டுவோன் தக்க காரணம் காட்ட வேண்டும்; இலக்குச் சுடுதல் அக்காரணமாயின், அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் பயின்று உறுப்பினனாதல் வேண்டும். துப்பாக்கியின் எண்ணும், அவன் வைத்திருக்கத் தக்க தோட்டாக்களின் தொகையும் சான்றிதழில் பதிவாகும். பூட்டிய இரும்புப் பெட்டியிலேயே அதனை வைக்க வேண்டும். இந்தியாவிலோ 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் வழி .303 தடுக்கப்பட்ட குழல்வகையைச் சேர்ந்தது. தனியார் எளிதில் வைத்திருக்க இயலாது.

இக்கட்டுப்பாடுகள் விளையாட்டைக் கெடுக்கின்றன என்று சிலர் முறையிடுவர். நான் அவ்வாறு கருதவில்லை. கருவியைச் சோதிக்காமல் சுடலாகாது என்று ஏற்பவன், தன்னைச் சமுதாயம் சோதிப்பதை மறுப்பது எவ்வாறு பொருந்தும்? இரும்பின் பிளவை முத்திரையிடும் நிலையம் கண்டுபிடிக்கும். மனத்தின் பிளவை உடன் பழகுவோரே கண்டுபிடிக்க வேண்டும். தனியே சுடாமல் சங்கத்தாரோடு சுடவேண்டும் என்னும் விதியின் உட்பொருள் இதுவேயாகும். ஐயம் தோன்றியபோது அதனை அஞ்சாது எடுத்துரைப்பதும் அச்சங்கத்தாரின் கடமை.

இரு பெரும் போர்களைக் கண்ட ரைபிள் ஒன்று இன்று காகிதத்தை மட்டுமே துளைக்கிறது என்றால், அது மகிழத்தக்க மாறுதலே. அம்மாறுதல் இரும்பில் நிகழ்ந்தது அன்று; அதனை ஏந்துவோனின் ஒழுக்கத்திலும், அவனைச் சூழ்ந்தோரின் விழிப்பிலும் நிகழ்ந்தது. அவ்விரண்டும் உள்ளவரை, பழைய ரைபிளைப் பேணிச் சுடுவதும் ஒரு நல்ல கல்வியேயாகும்.