சேலம் – நாமக்கல் இரண்டே நிமிஷம்!

வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து போர் விமானம் ஓட்டலாம்! ஆம், கம்ப்யூட்டரில்தான்.

மைக்ரோசாப்ட் கம்பெனியின் விமான விளையாட்டு 2020-ல் வெளிவந்தது. நம் ஊர்களும் அதன் திரையில் தெரிகின்றன. அமெரிக்கக் கடற்படையின் "சூப்பர் ஹார்னெட்" ஜெட் விமானம் 2021-ல் அதில் சேர்க்கப்பட்டது.

உயரே சென்றால் இதன் வேகம் மணிக்குச் சுமார் 1,700 கிலோ மீட்டர். சேலத்துக்கு மேலே இருந்து நாமக்கல் இரண்டே நிமிஷம்! மலைக்கோட்டையைத் தேடுவதற்குள் மோகனூரும் காவிரியும் பின்னால் ஓடிவிடும்.

கோட்டையைப் பார்க்க வேண்டுமா? வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரேயடியாகக் குறைத்தால் விமானம் விழுந்துவிடும்!

மெய்யான விமானி வேகமாகத் திரும்பும்போது, அவர் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அவரை அழுத்தும். வீட்டு நாற்காலியில் அது தெரியாது. இங்கே விழுந்தால் மறுபடி ஆரம்பிக்கலாம். ஆகாயத்தில் அப்படி முடியுமா?