மூடிய ஷெட்டில் ஓடும் என்ஜின்

வீட்டில் ஒருவர் மூன்று, நான்கு வாரங்கள் மருத்துவமனையில் தங்க நேரிட்டால், அவருடைய காரும் அத்தனை நாட்கள் ஷெட்டிலேயே நிற்கிறது. பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்ற அக்கறையில் உறவினர் ஒருவர் வாரம் ஒருமுறை சென்று, வண்டியைக் கிளப்பி, ஆக்சிலரேட்டரை மிதித்து நன்றாக ரேஸ் கொடுத்துவிட்டு வருகிறார். மழைக்காலமாயின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். அந்தப் பத்து நிமிடங்களால் பேட்டரிக்குக் கிடைக்கும் பயன் சொற்பம். குளிர்ந்த என்ஜினுக்கு ரேஸ் கொடுத்தால், எண்ணெய் எல்லா இடத்துக்கும் சரிவரப் பரவுமுன் பாகங்கள் தேயவும் செய்யும். மருத்துவர்களாகிய எங்கள் கவலையோ அங்கே நிற்கும் மனிதரைப் பற்றியது.

குளிர்ந்த பெட்ரோல் என்ஜின் கிளம்பும்போது வழக்கத்தைவிட அதிக எரிபொருளை எடுத்துக்கொள்கிறது. முழுமையாக எரியாத எரிபொருளிலிருந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இவ்வாயுவைப் பெருமளவு மாற்றிவிடும். ஆனால் சில நூறு டிகிரி சூடேறிய பிறகே அது வேலையைத் தொடங்கும். எனவே கிளப்பியவுடன் ரேஸ் கொடுக்கும் முதல் நிமிடங்களே மோசமானவை. வண்டி புதியது, மாசுச் சான்றிதழ் உள்ளது என்னும் சமாதானங்கள் அப்போது உதவா. டீசல் வண்டியில் இவ்வாயு குறைவு. எனினும் அதன் புகை ஆஸ்துமா நோயாளிக்கு மூச்சுத்திணறலைத் தூண்டப் போதும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்கிறது. எஞ்சிய ஆக்சிஜனும் திசுக்களுக்கு எளிதில் விடுபடாமல் செய்கிறது. மூளையும் இதயமும் முதலில் தவிக்கின்றன. இதய நோயாளிகள், இரத்தசோகை உள்ளவர்கள், குழந்தைகள், முதியோர் ஆகியோரைச் சிறிதளவு வாயுகூடப் பாதிக்கும். கருவிலுள்ள சிசுவுக்கு ஆபத்து தாயினும் அதிகம். முகக்கவசம் இவ்வாயுவை வடிகட்டாது.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், தளர்ச்சி ஆகியவை தொடக்க அறிகுறிகள். பித்தம், உறக்கமின்மை, மருத்துவமனை அலைச்சல் என்று எதன் மீதும் இவற்றைச் சுமத்திவிடலாம் என்பதே சிக்கல். வெளியே காற்றாட நின்றதும் தலைவலி குறைந்தாலோ, வீட்டில் பலருக்கு ஒரே வேளையில் தோன்றினாலோ ஐயம் கொள்ளுங்கள்.

கோவிட் காலத்தில் பலர் வாங்கிவைத்த பல்ஸ் ஆக்சிமீட்டரையும் இங்கே நம்ப இயலாது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் அது பிரித்தறியாது. நோயாளி மயங்கும் நிலையிலும் 98 என்று காட்டக்கூடும். இரத்தப் பரிசோதனையே உண்மையைச் சொல்லும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இவ்வாயுவில் பாதி நீங்க ஏறத்தாழ 4 முதல் 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியே 100 சதவீத ஆக்சிஜன் அளித்தால் 1 முதல் 1½ மணி நேரத்தில் நீங்கும். குணமடைந்து வீடு திரும்பியவருக்கும் சில நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து மறதி, நடைத் தடுமாற்றம், குண மாற்றம் தோன்றுவதுண்டு. அப்போது மீண்டும் அழைத்து வாருங்கள்.

உடனிருப்போர் சிலர் தரையடி வாகன நிறுத்தத்தில் காரின் ஏசியை இயக்கிவிட்டு இரவு உறங்குகிறார்கள். அதையும் தவிர்க்க வேண்டுகிறோம். பிறர் வண்டிகளின் புகையும் அங்கேதான் தேங்குகிறது.

காரை இயக்கியே ஆகவேண்டுமெனில், கிளப்பிய உடனே வெளியே எடுத்து, சாலையில் அரை மணி நேரம் ஓட்டி வாருங்கள். ஷெட் கதவைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது. வீட்டுக்குள் திறக்கும் கதவு வழியாகவும் வாயு நுழையும். நெடுநாள் நிற்கப்போகும் வண்டியெனில் மெக்கானிக்கிடம் சொல்லி பேட்டரி இணைப்பைக் கழற்றிவைப்பது எளிது.

ஷெட்டில் ஒருவர் மயங்கிக் கிடந்தால் முதலில் ஷட்டரை முழுதும் உயர்த்துங்கள். நீங்களும் உள்ளே நெடுநேரம் நிற்காமல் அவரை வெளியே இழுத்து வந்து 108-ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் அவருடைய பழைய நோய்களைச் சொல்லும் முன், என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லுங்கள். அந்தச் செய்தி இல்லாவிட்டால் உரிய இரத்தப் பரிசோதனை தாமதமாகும்.